யாருக்காகச் செய்த அகராதி?

ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்த மாணவர் ஒருவர் முதல் மாத முடிவிலேயே ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்பார். "ஐயா, கையில் எடுத்துச் செல்லும் மின்னணு அகராதி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது?" கேள்வி எளியது, விடை எளியதன்று. வாங்கும் பொருளுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். தவறான கருவியை வாங்கிவிட்டால் பணம் மட்டுமா போகும்? கற்கும் ஆர்வமும் சேர்ந்து குன்றும். ஆதலின் இக்கருவிகளைச் சற்றே நிறுத்திப் பார்த்து, அவற்றின் நிறை குறைகளை எடை போடுவோம்.

எல்லா அயல்மொழிகளையும் ஒருசேரப் பேசினால் எதையும் ஆழமாகப் பார்க்க இயலாது. எனவே ஜப்பானிய மொழியையே எடுத்துக்கொள்கிறேன். மின்னணு அகராதி செழித்து வளர்ந்த நாடு அது. மேலும், இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் செய்துகொண்ட உடன்பாட்டிற்குப் பின், முதியோர் பராமரிப்பு முதலிய தொழில்களுக்கு நம் இளைஞர்கள் அங்குச் செல்லும் வழியும் திறந்திருக்கிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் நடைபெறுகிறது. ஆகவே இக்கேள்வியைக் கேட்போர் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. பிழைப்பை எண்ணிக் கேட்கிறார்கள்.

கருவியின் வரலாறு

1979-ஆம் ஆண்டில் ஷார்ப் நிறுவனம் ஐ.க்யூ.-3000 என்னும் சிறு கருவியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது ஒரு கணக்கிடு கருவி போன்றதே. சில ஆயிரம் சொற்களும் அவற்றுக்கு நேரான சொற்களும் மட்டுமே அதில் இருந்தன. அதை அகராதி என்பதைவிடச் சொற்பட்டியல் என்பதே பொருந்தும். பெரிய மாற்றம் 1992-இல் வந்தது. அவ்வாண்டு செய்கோ நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.-700 என்னும் கருவி, அச்சில் வந்த அகராதியின் முழு உள்ளடக்கத்தையும், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உட்பட, தன்னுள் ஏற்றிக்கொண்டது. அன்றுதான் இது உண்மையான அகராதி ஆயிற்று.

பிறகு காசியோ, ஷார்ப், செய்கோ, கேனன் ஆகிய நிறுவனங்கள் போட்டியிட்டன. ஒரு கருவியில் மூன்று அகராதிகள், பத்து, ஐம்பது, நூறு என எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. 2007 அளவில் விற்பனை உச்சத்தைத் தொட்டது. அதன்பின் அலைபேசி வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. 2015-இல் செய்கோ இத்தொழிலை விட்டே விலகியது. இப்போது புதிய மாதிரிகள் வருவது அருகிவிட்டது. நம்மூரில் ஒருவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவியே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பெரிய நூல் சிறு பெட்டியுள் அடங்கியது எப்படி?

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26. ஓர் எழுத்தை 5 புள்ளி அகலம், 7 புள்ளி உயரம் உள்ள கட்டத்தில் வரைந்துவிடலாம். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் எழுத்து ஒன்றுக்கு 35 பிட். இருபத்தாறும் சேர்ந்து 910 பிட். அஃதாவது 114 பைட்டுக்குள் முடிந்துவிடும். ஜப்பானியத்தின் நிலை வேறு. ஹிரகானா, கதகானா என்னும் ஒலியெழுத்துகளோடு, சீனத்திலிருந்து வந்த கான்ஜி என்னும் சொல்லெழுத்துகளும் அங்கு வேண்டும். 1978-இல் ஜப்பான் வகுத்த எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் 6,349 கான்ஜிகள் இடம் பெற்றன. கோடுகள் நெருங்கிய இவ்வெழுத்துகளுக்கு 16-க்கு 16 என்னும் கட்டமாவது தேவை. ஓர் எழுத்துக்கு 256 பிட், அதாவது 32 பைட். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 2,03,000 பைட்! இது எழுத்துகளின் வடிவத்திற்கு மட்டுமே ஆகும் இடம். சொற்களும் பொருளும் இன்னும் வரவில்லை. முதற்கருவிகள் ஏன் அவ்வளவு சிறியனவாக இருந்தன என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும். நினைவகச் சில்லுகளின் விலை இறங்க இறங்கத்தான் அகராதி வளர்ந்தது.

தேடும் வேகமும் வியப்புக்குரியதே. ஆனால் அதில் மாயம் ஒன்றுமில்லை. அகரவரிசையில் உள்ள பட்டியலை நடுவில் பிரித்து, வேண்டிய சொல் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து, அப்பாதியை மீண்டும் பிரித்து என்று சென்றால், 2,50,000 சொற்களுள் ஒன்றைப் பிடிக்க 18 முறை பிரித்தால் போதும். ஏனெனில் 2-ஐ 18 முறை பெருக்கினால் 2,62,144 வருகிறது. நீங்கள் அச்சு அகராதியைப் புரட்டுவதும் ஏறக்குறைய இம்முறையில்தான். கருவி அதை நொடிக்கும் குறைந்த நேரத்தில் செய்கிறது.

திரையைப் பற்றியும் ஒரு சொல். பழைய கறுப்பு வெள்ளைத் திரவப்படிகத் திரை தானாக ஒளி விடுவதில்லை. வெளியொளியை விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை. ஆகவே இரண்டு சிறு மின்கலங்களில் பல வாரம் ஓடும். வண்ணத் திரைக்குப் பின்னே விளக்கு எரிய வேண்டும். மின்கலம் விரைவில் தீரும். அகராதி படிப்பதற்கு வண்ணத்தால் வரும் பயன் மிகக் குறைவு. வண்ணத் திரை இல்லையே என்று ஒரு கருவியைத் தள்ளிவிடாதீர்கள்.

முதற்குறை: கருவி உங்களுக்காகச் செய்யப்படவில்லை

இனி விமர்சனத்திற்கு வருவோம். இக்கருவிகளின் தலையாய குறை, அவை பழுதானவை என்பதன்று. அவை ஜப்பானியர் ஆங்கிலம் கற்பதற்காகச் செய்யப்பட்டவை. அயலார் ஜப்பானியம் கற்பதற்காக அல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றக் குறைகள் எல்லாம் தாமே விளங்கும்.

ஆங்கில-ஜப்பானிய அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஐந்தாறு ஜப்பானியச் சொற்கள் வருகின்றன. எது எங்கே வரும் என்று அது சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கில்லை. படிப்பவர் ஜப்பானியர், அவருக்குத் தெரியும். ஒருகால் விளக்கம் இருந்தாலும் அது ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். ஜப்பானிய-ஆங்கில அகராதியோ எடுத்துக்காட்டுகளை வாரி வழங்கும். 2003-இல் வந்த கென்க்யூஷா பெரிய அகராதியின் ஐந்தாம் பதிப்பு இதற்குச் சிறந்த சான்று. ஆனால் அவ்வெடுத்துக்காட்டுகளில் உள்ள கான்ஜிகளின் மேல் அவற்றை எப்படிப் படிப்பது என்று காட்டும் சிற்றெழுத்து இராது. ஜப்பானியத்தில் இச்சிற்றெழுத்துக்கு ஃபுரிகானா என்று பெயர். அது இல்லாத வாக்கியம் தொடக்க மாணவருக்குப் பூட்டிய பெட்டி.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய கருவி பழைய பொருள்கள் விற்கும் ஓர் இடத்தில் கிடைத்தது. "நூறு அகராதி உள்ளது" என்றார் விற்றவர், அது உண்மையே. வீட்டிற்கு வந்து திறந்தால், பட்டியல், விசைகளின் பெயர், எச்சரிக்கை எல்லாம் ஜப்பானியம். விளக்கக் கையேடும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கும் விசை எது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. கருவியைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய ஜப்பானியத்தை யாரிடம் கற்பது? அகராதி வாங்கியதே அதற்காகத்தானே!

பட்டியலின் நீளம் தகுதி ஆகாது

"நூறு நூல்கள்" என்னும் விளம்பரத்தில் மயங்காதீர்கள். அவற்றுள் பாதி பயணச் சொற்றொடர்கள், சமையற்குறிப்பு, மருத்துவக் குறிப்பு, பொது அறிவுத் தேர்வுகள் எனப் பலவாறாக இருக்கும். உங்களுக்கு வேண்டியவை மூன்று: நல்ல ஜப்பானிய-ஆங்கில அகராதி, கான்ஜி அகராதி, ஜப்பானிய-ஜப்பானிய அகராதி. இம்மூன்றும் எவை என்று பெயர் கேட்டு வாங்குங்கள்.

பெயர் கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இவானமி பதிப்பகத்தின் கோஜியென் 1955 முதல் வெளிவரும் புகழ்பெற்ற அகராதி. 2018-இல் வந்த ஏழாம் பதிப்பில் ஏறத்தாழ 2,50,000 சொற்கள் உள்ளன. கோஜியென் இருக்கிறது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்ற கருவிகள் பல. ஆனால் கோஜியென் ஒரு சொல்லின் பழைய பொருளை முதலில் தந்து, பிறகே இக்காலப் பொருளுக்கு வருகிறது. ஆராய்ச்சியாளருக்கு இது அருமையான முறை. மாணவருக்கோ இடறல். தமிழில் 'நாற்றம்' என்ற சொல்லுக்கு முதற்பொருள் நறுமணம் என்று படித்துவிட்டு, ஒரு வீட்டிற்குச் சென்று "உங்கள் சமையலறையிலிருந்து நல்ல நாற்றம் வருகிறதே" என்று பாராட்டும் அயல்நாட்டாரை எண்ணிப் பாருங்கள்! சான்செய்டோவின் தாய்ஜிரின் இக்காலப் பொருளை முன்னே வைக்கிறது. மாணவருக்கு அதுவே ஏற்றது. புகழ் வேறு, பொருத்தம் வேறு.

தெரியாத எழுத்தைத் தேடுவது

தமிழில் ஒரு சொல்லின் பொருள் தெரியாவிட்டாலும் அதை ஒலிக்க முடியும்; ஒலிக்க முடிந்தால் அகராதியில் தேட முடியும். கான்ஜியில் அப்படியில்லை. படிக்கத் தெரியாத எழுத்தை எந்த வரிசையில் தேடுவது? 1716-இல் வெளிவந்த காங்ஸி என்னும் சீனப் பேரகராதி 214 உறுப்புகளை வகுத்துக் காட்டியது. எழுத்தின் தலைமை உறுப்பைக் கண்டு, மிச்சக் கோடுகளை எண்ணி, அப்பிரிவில் தேட வேண்டும். பயனுள்ள பயிற்சிதான். ஆனால் ஒரு பக்கம் படிக்க ஒரு மாலைப்பொழுது ஆகிவிடும்.

இங்கேதான் மின்னணுக் கருவி தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. தொடுதிரையில் எழுத்தை வரைந்தால் கண்டுபிடித்துத் தரும் வசதி நல்ல மாதிரிகளில் உண்டு. இன்னும் சிலவற்றில் உறுப்புகளின் பெயரைத் தட்டினாலே போதும். மரத்தைக் குறிக்கும் உறுப்பு இரண்டு நின்றால் தோப்பு, மூன்று நின்றால் காடு. 'மரம், மரம், மரம்' என்று தட்டினால் காடு வந்து நிற்கும். 2006-இல் நின்டென்டோ விளையாட்டுக் கருவிக்கென வந்த ஒரு கான்ஜி அகராதி, இந்த எழுதித் தேடும் வசதியாலேயே அயல்நாட்டு மாணவர்களிடையே பெயர் பெற்றது. விளையாட்டுப் பொருளாயினும் கற்பவரின் தேவைக்கு அது வந்து நின்றது.

எழுதித் தேடும் வசதி இல்லாத கருவி எவ்வளவு மலிவாயினும் வேண்டா. இது என் உறுதியான கருத்து.

வினைச்சொல்லும் ஒலியும்

'சாப்பிட்டான்' என்பதைத் தமிழ் அகராதியில் தேடினால் கிடைக்காது. 'சாப்பிடு' என்றே தேட வேண்டும். ஜப்பானியத்திலும் அதே நிலை. 'தபெமாஷித்தா' என்றால் சாப்பிட்டேன், சாப்பிட்டார் முதலியன. அகராதியில் இருப்பதோ 'தபெரு'. பழைய கருவிகள் பெரும்பாலும் அடிச்சொல்லைத்தான் ஏற்கும். இலக்கணம் சற்றே கற்ற பிறகே அவை பயன்படும். அலைபேசிச் செயலிகள் பலவும் திரிந்த வடிவத்தைத் தாமே அடிச்சொல்லாக்கித் தேடுகின்றன. தொடக்க மாணவருக்கு இது பேருதவி.

ஒலியில் இரண்டு செய்திகள். ஜப்பானியத்தில் ஒரே எழுத்தொலி கொண்ட சொற்கள் மிகுதி. 'கிக்கன்' என்று தட்டினால் காலப்பகுதி, நிறுவனம், மூச்சுக்குழல் என வரிசையாக வரும். எழுதும்போது கான்ஜி வேறுபடுத்தும். பேசும்போது சில சொற்களைக் குரலின் ஏற்ற இறக்கமே வேறுபடுத்தும். 'ஹஷி' என்பதை உயர்த்தித் தொடங்கினால் உணவுண்ணும் குச்சி. தாழ்த்தித் தொடங்கினால் பாலம். ஆகவே ஒலியைக் காட்டும் கருவி நல்லது. ஆயின் பல மாதிரிகளில் ஆங்கிலச் சொற்களுக்கு மனிதக் குரல் உண்டு, ஜப்பானியச் சொற்களுக்கு இல்லை. காரணம் முன்னரே சொன்னதுதான்: ஜப்பானியருக்கு ஜப்பானிய ஒலி எதற்கு? சில மாதிரிகளில் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்தின் ஒலிப்பு அகராதி சேர்ந்திருக்கும். அது இருந்தால் விடாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் குறிப்பேட்டைப் பற்றியது. ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பழகாதீர்கள். பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஜப்பானியத்தில் வழங்கும் சொற்களில் முதலெழுத்து ஒன்று வல்லொலி, மற்றொன்று மென்குரலொலி. தமிழில் எழுதினாலோ இரண்டும் 'கின்' ஆகிவிடும்! பொன் எது, வெள்ளி எது என்று பிறகு யாரைக் கேட்பது? இக்கட்டுரையில் நான் தமிழெழுத்தில் எழுதுவது உங்கள் வசதிக்காக மட்டுமே. ஒலியெழுத்து ஒரு வகைக்கு 46. இரண்டு வாரத்தில் கற்றுவிடலாம்.

அலைபேசி போதாதா?

இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிரீன் 1991-இல் ஒரு ஜப்பானிய-ஆங்கிலச் சொற்கோப்பைத் தொடங்கினார். தன்னார்வலர் பலர் கைகொடுக்க அது வளர்ந்து, இன்று சுமார் இரண்டு லட்சம் சொற்களுடன் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் பொதுச்சொத்தாக நிற்கிறது. அலைபேசிச் செயலிகள் பலவற்றின் உள்ளே இருப்பது இக்கோப்பே. ஜப்பானிய மாணவர்க்கென்று அன்றி, கற்கும் அயலார்க்கென்று எழுந்தது அது. கட்டணம் இல்லை, இணையம் இன்றியும் பயன்படும். பழைய கருவி வாங்கிய நாளோடு உறைந்துவிடும். இதுவோ நாள்தோறும் திருத்தம் பெறுகிறது.

குறையும் உண்டு. ஒரு சொல்லுக்கு நேராக ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை அடுக்கிவிட்டு அது நின்றுவிடும். அவற்றிடையே உள்ள வேறுபாட்டை விளக்குவது அதன் நோக்கமன்று. அச்சு அகராதிகளின் பின்னே அமர்ந்து எழுதிய ஆசிரியர் குழுவின் உழைப்பு, எடுத்துக்காட்டுகளில் தெரியும். சட்டையை 'கிரு', செருப்பை 'ஹக்கு', தொப்பியை 'கபுரு' என்று மூன்று வினைகளால் ஜப்பானியர் சொல்கிறார்கள். நமக்கோ எல்லாம் 'போடு' அல்லது 'அணி'தான். இவ்வேறுபாட்டைப் பொருள் கூறிக் கற்பிக்க முடியாது. பத்து வாக்கியங்களைக் காட்டியே கற்பிக்க முடியும்.

இன்னொரு வேறுபாடு மனத்தைப் பற்றியது. அலைபேசியில் ஒரு சொல்லைத் தேட எடுத்தவர், செய்தி ஒன்றைப் பார்த்து, விடை அனுப்பி, எதற்காக எடுத்தோம் என்பதையே மறந்து வைத்துவிடுகிறார். அகராதிக் கருவியில் அகராதியைத் தவிர வேறொன்றும் இல்லை. விளக்கத்தில் வரும் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குத் தாவும் விசை உண்டு. அப்படித் தாவித் தாவிப் படிப்பதே ஒரு கல்வி. படக்கருவியைக் காட்டினால் பக்கம் முழுவதையும் மொழிபெயர்த்துத் தரும் வசதியும் இன்று அலைபேசியில் உண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் பிறர் மென்று தருவதை விழுங்கினால் பல் வளராது. தேர்வுக் கூடத்தில் அகராதியும் இல்லை, அலைபேசியும் இல்லை.

நெல்லும் அரிசியும் சோறும்

இதுவரை கூறியவை எந்நாட்டு மாணவருக்கும் பொருந்துவன. தமிழ்வழியில் படித்த நமக்கென்று ஒரு தனிக்குறை இருக்கிறது. அதை யாரும் கடையில் சொல்லமாட்டார்கள்.

ஜப்பானியத்தில் வயலில் நிற்கும் நெற்பயிர் 'இனே', உமி நீங்காத நெல் 'மொமி', அரிசி 'கொமே', சோறு 'கோஹன்'. நெல் விளைவித்து உண்ணும் மக்கள் ஆதலால் நம்மைப் போலவே தனித்தனிப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலமோ பயிர், அரிசி, சோறு எல்லாவற்றிற்கும் 'ரைஸ்' என்னும் ஒரே சொல்லைக் கொண்டது. தமிழ் மாணவர் ஒருவர் 'சோறு' என்பதற்கு ஜப்பானியம் தேடுகிறார். சோறு 'ரைஸ்' ஆகிறது. அச்சொல்லின் கீழ் முதலில் வருவது 'கொமே'. உணவு விடுதியில் அரிசி கேட்கிறார்! இரு முனையிலும் தெளிவாக இருந்த வேறுபாடு நடுவழியில் தொலைந்தது. வெந்நீருக்கு நம்மிடம் தனிச்சொல் உண்டு. அவர்களிடம் 'ஒயு' உண்டு. அண்ணன் 'அனி', தம்பி 'ஒத்தோத்தோ', அக்கா 'அனே', தங்கை 'இமோத்தோ'. நேருக்கு நேர் பொருந்தும் இவற்றை ஆங்கிலம் வழியே தேடுவது, எதிர்வீட்டிற்குச் செல்ல ஊரைச் சுற்றுவது போன்றது.

கொடுத்தலைப் பற்றி ஒன்று. 'தா' என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு' என்பது படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. ஜப்பானியத்திலும் 'குரெரு', 'அகெரு' என்று இரண்டு உண்டு. எனக்கோ என்னைச் சேர்ந்தவர்க்கோ வருவது 'குரெரு'. மற்றவர்க்குச் செல்வது 'அகெரு'. 'எனக்குத் தந்தான்', 'அவனுக்குக் கொடுத்தேன்' என்று சொல்லிப் பார்க்கும் தமிழருக்கு இது பாதி விளங்கிவிடும். முன்னிலையில் மட்டும் வேறுபாடு உண்டு: 'உனக்குத் தருகிறேன்' என்போம் நாம், அவர்கள் அங்கே 'அகெரு' என்பார்கள். ஆங்கில விளக்கத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு இரு மொழிகளும் ஒரே தாயின் மக்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டா. அம்முடிவை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கற்பதற்கு வசதி என்ற அளவில் கொண்டால் போதும்.

இது வெறும் நுணுக்கம் என்று நினைக்காதீர்கள். முதியோர் இல்லத்தில் பணி செய்யும் நம் பெண் ஒருத்தியிடம் மூதாட்டி ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு 'ஜுக்கிஜுக்கி' என்கிறார். இன்னொருவர் வயிற்றைக் காட்டி 'சிக்குச்சிக்கு' என்கிறார். முன்னது 'விண்விண்' என்று தெறிக்கும் வலி. பின்னது 'சுருக்சுருக்' என்று குத்தும் வலி. இரட்டைக்கிளவி நம் இரத்தத்தில் ஊறியது. ஒருமுறை சொன்னால் மறக்காது. ஆனால் அகராதி அவளுக்குத் தருவது ஆங்கிலச் சொல் ஒன்று. அதன் பொருளை அறிய அவள் இன்னோர் அகராதியைத் திறக்க வேண்டும். அதற்குள் மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பிழையான விடை போய்விடலாம்.

மேலே கூறிய பொதுக்கோப்பில் ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், டச்சு, ஹங்கேரியன் முதலிய மொழிகளிலும் பொருள் சேர்த்திருக்கிறார்கள். தமிழ் அதில் இல்லை. ஹங்கேரியர் ஒரு கோடிப் பேர். தமிழர் அதனினும் பல மடங்கு. எண்ணிக்கை அகராதியை எழுதுவதில்லை. அமர்ந்து எழுதுபவரே எழுதுகிறார்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால், பணம் கொடுக்குமுன் ஐந்து சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று: உங்களுக்குத் தெரியாத ஒரு கான்ஜியை வரைந்து பாருங்கள். மூன்று முயற்சிக்குள் வருகிறதா?

இரண்டு: 'கொமே', 'கோஹன்' இரண்டையும் தேடுங்கள். வேறுபாடு விளங்குமாறு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ளனவா? அவற்றில் ஃபுரிகானா உண்டா? இல்லையெனில் அங்கிருந்தே கான்ஜி அகராதிக்குத் தாவ முடிகிறதா?

மூன்று: 'கிக்கன்' என்று தட்டுங்கள். ஒத்த ஒலிச் சொற்கள் கான்ஜியுடன் பிரித்துக் காட்டப்படுகின்றனவா?

நான்கு: ஜப்பானிய-ஜப்பானிய அகராதி எது? இக்காலப் பொருளை முன்வைப்பதா, பழம்பொருளை முன்வைப்பதா?

ஐந்து: மின்கலம் எங்கும் கிடைக்கும் வகையா? மின்கல அறையில் துரு படிந்திருக்கிறதா? கீல் தளர்ந்திருக்கிறதா? தளர்ந்த கீலின் உள்ளே ஓடும் மெல்லிய கம்பி அறுந்தால் திரை இருண்டுவிடும். பழைய கருவிக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது.

எப்போது வாங்குவது என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். தகுதித் தேர்வின் முதல் இரண்டு படிகளான ஐந்தாம், நான்காம் நிலைகளைக் கடக்கும் வரை வாங்காதீர்கள். நல்ல பாடநூலும், அலைபேசியில் இலவச அகராதியும், ஒரு குறிப்பேடும் போதும். கதையோ செய்தித்தாளோ கையில் எடுத்துப் படிக்கத் துணியும் மூன்றாம் நிலையில் வாங்குங்கள். அன்று கருவியின் பட்டியல் உங்களுக்குப் புரியும். ஜப்பானியருக்காகச் செய்த கருவி அன்றுதான் உங்களுக்கும் ஆகும்.

அந்தக் குறிப்பேட்டை எளிதாக எண்ணாதீர்கள். இடப்பக்கம் ஜப்பானியச் சொல், அவர்கள் எழுத்தில். வலப்பக்கம் பொருள், தமிழில். நடுவில் ஆங்கிலம் வேண்டா. எந்தச் சொல்லுக்குத் தமிழ் நேராகப் பொருந்துகிறது, எங்கே வழுவுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 'குரெரு', 'அகெரு' போன்றவற்றுக்கு ஒரு பக்கமே ஒதுக்குங்கள். நாளைக்குப் பத்துச் சொல் எழுதினால் ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூற்றைம்பது ஆகும். 1979-இல் வந்த முதற்கருவி சில ஆயிரம் சொற்களோடுதான் தொடங்கியது. பொதுக்கோப்பும் ஒரு மனிதர் தொடங்கிவைத்ததே. உங்கள் வகுப்பில் பத்துப் பேர் தத்தம் குறிப்பேடுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கடையிலும் கிடைக்காத ஓர் அகராதியின் முதற்பக்கங்கள் அங்கே இருக்கும்.